ஒன்பதாவது ஆளுக்கு ஒரு நினைவு மலர்

— பதினோராம் பக்கம் வரைக்கும் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை, பூரணிப் பிள்ளை. சாமிப்படம் இருக்கு, பதிகம் இருக்கு, குடும்ப விபரம் இருக்கு. பன்ரெண்டில இருந்துதான் ஆர் செத்தது எண்டு விளங்கேல்ல.

— அமரர் ஆனந்தராசா. அட்டையில பெரிசாப் போட்டிருக்கே, அண்ணை.

— அட்டையில இருக்கு. உள்ளுக்க 'மருமகனின் கண்ணீர்' எண்டு தலைப்பு. 'என் அன்பு மாமா' எண்டு தொடங்குது. மூண்டாம் வரியில இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனத்தைத் திரும்ப எப்ப ஊருக்கு விடுவியள் எண்டு கேக்குது. எந்த மருமகன் மாமாவின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில இதைக் கேக்கிறான்?

— கேக்கவேண்டிய மருமகன்.

— பகிடி விடாதேங்கோ. இருபத்தைஞ்சு வருசமா இந்த உட்துறைமுக வீதியில அச்சுக்கூடம் வைச்சிருக்கிறன். ஊரில செத்த ஆக்களில பாதிப் பேருக்கு இந்தப் பாக்கியரத்தினம்தான் நினைவு மலர் அடிச்சவன். உங்கட அப்பாவுக்கும் நான்தான். ஒவ்வொரு எழுத்தும் நான் வாசிச்சாப் பிறகுதான் மெசினுக்குப் போகும், விளங்குதோ? 'அயலவரின் அஞ்சலி'யில ஆள் கடத்தின வெள்ளை வான் நம்பர் கிடக்கு!

— நம்பர் பிழையோ?

— பிள்ளை!

— சரி அண்ணை, சொல்லுறன். கதவைக் கொஞ்சம் சாத்துங்கோ. ஆனந்தராசா எண்டு ஒருத்தரும் இல்லை. உள்ளுக்க இருக்கிறதெல்லாம் நாங்கள் வலைப்பதிவில எழுதினது. இன்ரநெற்றில.

— நாங்கள் எண்டால்?

— ஒன்பது பேர். ஒராளின்ர பேர் மற்றாளுக்குத் தெரியாது, அதுதான் எங்கட சட்டம். புனைபேர் மட்டும்தான். தோப்பூரில 'வரம்பு' எண்டொராள், புல்மோட்டையில 'கறுப்பு மணல்', குறிஞ்சாக்கேணியில 'களப்பு'. நான் 'வெந்நீர்'.

— பொருத்தமான பேர்தான்.

— நாளைக்கு உப்புவெளியில, என்ர மாமி வீட்டில, முதல்முதலா முகம் பார்க்கப் போறம். கொழும்பில எண்டால் பதிவர் சந்திப்பு எண்டு ஹோல் எடுத்து, ரீ குடிச்சு, படமும் எடுத்துப் போடுவாங்கள். இஞ்ச எட்டுப் பேர் ஒரு வீட்டில கூடினால் அடுத்த நாள் எட்டு வீட்டில அழுகை. செத்தவீடு, அந்தியேட்டி எண்டால் மட்டும்தான் ஒருத்தரும் பெர்மிசன் கேக்கிறேல்ல. அதாலதான் ஆனந்தராசாவைச் சாக்காட்டினனாங்கள்.

— அப்ப தாயார் கமலேஸ்வரி எண்டு போட்டிருக்கிறது?

— அது மாமி. ஒரு நாளைக்குப் பிள்ளையைப் பறிகுடுத்த தாயா இருக்க ஏலுமோ எண்டு கேட்டனான். 'இந்த ஊரில அது பெரிய நடிப்போ' எண்டு சொல்லிப்போட்டு மரக்கறி வாங்கப் போயிட்டா.

— கூடுறது சரி. கதைச்சுப்போட்டு, சோறு சாப்பிட்டிட்டுப் போங்கோவன். இதை ஏன் அச்சில போடவேணும்? இன்ரநெற்றில கிடக்குத்தானே.

— கிடக்கு. ஆர் வாசிக்கிறது? ரொறன்ரோவில வாசிச்சு அழுறாங்கள், லண்டனில வாசிச்சுச் சண்டை பிடிக்கிறாங்கள். இந்தத் தெருவில நடந்ததை இந்தத் தெரு வாசிக்கேல்ல. ஃபோன் லைன் பாதி நாள் இல்லை. நெற் கடையில அடையாள அட்டை நம்பர் எழுதிப்போட்டுத்தான் இருக்க விடுறான். ஆனா நினைவு மலர் எண்டால் ஆரும் கை நீட்டி வாங்குவினம். சோதனைச் சாவடியில காட்டினாலும் சாமிப்படத்தைக் கண்டிட்டுத் திருப்பித் தருவாங்கள்.

— சாவடியில நிக்கிறவனுக்குத் தமிழ் தெரியாது. அவனுக்குப் பக்கத்தில நிக்கிறவனுக்குத் தெரியும். இதைப் பாருங்கோ, முதலாம் பக்கம். இறந்த திதி ஏகாதசி எண்டு போட்டிருக்கிறியள். அண்டைக்கு அட்டமி. விசயம் தெரிஞ்ச ஒருத்தன் ரெண்டாயிரத்தி ஏழாம் ஆண்டுக் கலண்டரை ஒருக்காப் பிரட்டினால் போதும், செத்தவர் பொய் எண்டு பிடிச்சிடுவான்.

— ஐயோ. திதியை நாங்கள் பார்க்கேல்லையே. சும்மா ஒண்டைப் போட்டது.

— செத்தவனுக்குச் சும்மா திதி போடுறதோ! கொண்டாங்கோ அந்தப் பேனையை. ம்... வயசு முப்பத்திரண்டு எண்டு கிடக்கு. முப்பத்திரண்டு வயசுக்காரனுக்குக் கண்ணீர் விட, கட்டுரை எழுதுற வயசில ஒரு மருமகன். அதுவும் சும்மா போட்டதோ?

— இல்லை அண்ணை, வயசு சும்மா போடேல்ல. ஆனந்தராசா பொய்தான், ஆனா மலர் உண்மையா ஒரு ஆளுக்குத்தான். எங்கட ஒன்பதாவது ஆள், 'நங்கூரம்'. அவர் கடைசியா எழுதி நாளையோட முப்பத்தொரு நாள். ரெண்டு நாளைக்கு ஒருக்கா எழுதின மனிசன். திடீரெண்டு நிண்டுபோச்சு. பிடிச்சிட்டாங்கள். எழுத்தைப் பார்த்தால் முப்பது, முப்பத்திரண்டுக்கு மேல இராது.

— அப்பிடியோ?

— என்ன துடிப்பு அண்ணை! எங்க போய்த் தேடுறது? பேர் தெரியாது, முகம் தெரியாது. செஞ்சிலுவைக்குப் போய் நங்கூரத்தைக் காணேல்ல எண்டு சொல்ல ஏலுமோ? எங்கட சட்டமே அவரை விழுத்திப்போட்டுது. அதால நாளைக்கு எட்டுப் பேரும் எங்கட சொந்தப் பேரைச் சொல்லப் போறம். இனி ஒருத்தர் காணாமல் போனால், தேடுறதுக்கு ஒரு பேராவது இருக்கவேணும்.

— அந்தாள் பயந்து நிப்பாட்டியிருக்கலாம்.

— ஆர், நங்கூரமோ?

— ஏன், நங்கூரத்துக்கு மனிசி பிள்ளையள் இராதோ? போன மாசம் இஞ்சயும் சிவில் உடுப்பில ரெண்டு பேர் வந்தவங்கள். ஒண்டும் கேக்கேல்ல. அந்தா, அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால கதிரையைப் போட்டு அரை மணித்தியாலம் இருந்திட்டுப் போனவங்கள். அண்டையில இருந்து என்ர மனிசி கமலாதேவி, கதவு சத்தம் போட்டாலே சோத்துக் கோப்பையை வைச்சிட்டு எழும்புறா. பயம் எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியாது, பிள்ளை.

— எனக்குத் தெரியாதோ? ஒவ்வொருக்கா எழுதிப் போட்டாப் பிறகும் நான் சத்தி எடுக்கிறனான், அண்ணை. வாயைக் கழுவிப்போட்டு வந்து அடுத்ததை எழுதுறன். பயத்தைக் காட்டி எல்லாரையும் வீட்டுக்குள்ள இருத்தலாம் எண்டுதானே அவங்கள் நினைக்கிறாங்கள்? நான் இருக்கமாட்டன். நங்கூரமும் இருந்திருக்கமாட்டார்.

— சரி. மற்றதெல்லாம் அடிச்சுத் தாறன். பதினெட்டாம் பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ.

— பதினெட்டு நங்கூரத்தின்ர கடைசிப் பதிவு.

— தெரியும். வாசிச்சனான்.

— அதை எடுத்தால் பிறகு மலர் எதுக்கு? வடிவா வாசிச்சனீங்களோ? யோசேப் நேவியிட்ட மீன்பிடிப் பாஸ் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனது, ஆள் இல்லாமல் பாஸ் மட்டும் கரை சேர்ந்தது எல்லாம் அதிலதான் கிடக்கு. பெண்சாதி திரேசம்மா 'காணவில்லை' எண்டு நோட்டீஸ் அடிக்க ஒரு அச்சுக்கூடத்துக்குப் போனவ. அந்த ஆள் சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிப்போட்டான். திரேசம்மா இருக்கிறது இஞ்சயிருந்து மூண்டு ஒழுங்கை தள்ளி. தன்ர புருசனைப் பற்றி ஒருத்தர் இப்பிடி எழுதினது அவவுக்கு இண்டைக்கும் தெரியாது. முதல் மலர் அவவின்ர கையிலதான் குடுக்கப் போறன்... என்ன அண்ணை, ஏன் முகம் ஒருமாதிரிப் போச்சு?

— ஒண்டுமில்லை.

— தமிழில அடிக்கிற அச்சுக்கூடம் இந்தப் பக்கம் இப்ப எத்தினை திறந்திருக்கு?

— இது ஒண்டுதான்.

— அப்ப அந்த ஆள்...

— ஓம். நான்தான்.

— அதுதானோ பக்கத்தை எடுக்கச் சொல்லுறீங்கள்!

— ஓம் பிள்ளை. வெக்கம்.

— வெக்கப்படத்தான் வேணும்! புருசனைத் தேடிக்கொண்டு வந்த மனிசியை... சீ! அப்பாவின்ர மலரை அடிச்ச மனிசன் எண்டு நம்பி வந்தனான். தாங்கோ மலர் கிடக்கிற என்ர சீடியை. மட்டக்களப்புக்குப் போறன். இல்லாட்டிக் கையால எழுதி ஃபோட்டோக் கொப்பி எடுக்கிறன். ஒரு சொல் வெட்ட விடமாட்டன்.

— இருங்கோ.

— இருக்க ஏலாது.

— இருங்கோ பிள்ளை, கத்தாதேங்கோ, ரோட்டுக்குக் கேக்கும். ஒண்டும் வெட்டேல்ல. பதினெட்டும் இருக்கட்டும், வான் நம்பரும் இருக்கட்டும். பொழுதுபட முதல் அடிச்சுக் கட்டி வைக்கிறன். இந்தாங்கோ, இதைப் பாருங்கோ. திரேசம்மா தந்த நோட்டீஸ். யோசேப்பின்ர படத்தோட இவ்வளவு நாளும் இந்த மேசை லாச்சிக்குள்ளதான் கிடந்தது. எறிய மனம் வரேல்ல. கடைசிப் பக்கத்தில முழுசாப் போடுறன். கீழ என்ர அச்சுக்கூடத்தின்ர பேரையும் போடுறன்.

— பேரையுமோ? இப்ப என்ன திடீரெண்டு வீரம்? அண்டைக்குப் பயந்தனீங்கள், இப்ப மட்டும் பயமில்லையோ?

— பயம்தான். எட்டுப் பேர் முகம் தெரியாத ஒருத்தனுக்காகப் பேரைச் சொல்லப் போறியள். இஞ்ச நான் சாத்தின கதவுக்குப் பின்னால நிண்டு திதி திருத்திக்கொண்டு இருக்கிறன். போதும், இனி ஏலாது. அந்த ரெண்டு பேரும் திரும்பி வரட்டும், கதிரை அதே இடத்திலதான் கிடக்கு.

— நீங்கள் சொல்லுறதை நான் நம்பலாமோ?

— பதினெட்டாம் பக்கத்தின்ர கடைசிப் பந்தியை ஒருக்காச் சத்தமா வாசியுங்கோ.

— ஏன்?

— வாசியுங்கோவன்.

— 'மை முடிந்துவிட்டது என்று அச்சுக்கூடக்காரன் சொன்னான். அவள் அதை நம்பினாள். நன்றியும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். மை இரண்டு பேணி நிறைய இருந்தது.'

— அண்டைக்கு இஞ்ச நிண்டது நானும் திரேசம்மாவும் மட்டும்தான். வேலையாள் கூட வரேல்ல. மை முடிஞ்சுது எண்ட கதையை அவ இண்டைக்கும் நம்பிக்கொண்டு இருக்கிறா. வழியில கண்டால், மை வந்திட்டுதோ எண்டு கேக்கிறா.

— அப்ப... மை இருந்தது எண்டு நங்கூரத்துக்கு ஆர் சொன்னது, அண்ணை?

— நாளைக்கு எத்தினை மணிக்கு வரவேணும், பிள்ளை? என்ர அந்தியேட்டிக்கு நான் பிந்தி வரக்கூடாது.