வலது ஓரக் கட்டைகள்

"மழை வர்ற மாதிரி இருக்கு, குடையை எடுத்துக்கிட்டுப்—"

"எங்க போறீங்கன்னு கேக்கணும்னா நேரா கேளு. குடை, செருப்புன்னு சுத்தி வளைக்காத—"

"நான் ஏன் கேக்கணும்? பாட்டு டீச்சர் வீட்டுப் பியானோதானே. ஊர்ல அதுக்கு மட்டும்தான் வாரத்துக்கு மூணு தடவை சுருதி எறங்குது—"

"பழைய பியானோ எறங்கத்தான் செய்யும். கொசுவோட குடும்பம் நடத்துறவளுக்கு அது எங்க புரியும்."

நானும், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற என் வீட்டுக்காரரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து போட்ட கடைசிச் சண்டை அதுதான். இப்போது வீட்டில் நான் ஒருத்திதான் பேசுகிறேன். சண்டைக்கு இரண்டு பேருடைய காதும் வேண்டியிருக்கிறது.

உட்காருங்கள். அவர் ஜன்னலோரம் இருக்கிறாரே என்று தயங்க வேண்டாம், தாராளமாகப் பேசலாம். ஆய்வுக்கூடத்து அலமாரியில் ஏழு மருந்துப் புட்டிகள் குறைகின்றன, யார் எடுத்தது என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நான்தான் எடுத்தேன். எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கொசு வளர்க்கிறேன். தட்டுத் தண்ணீரில் நெளியும் புழுவுக்கு மீன் தீனித் தூள் தூவுவது, கூட்டுப்புழுவைப் பொறுக்கிக் கூண்டில் விடுவது, பெண் கொசுக்களுக்கு ரத்தம் வேண்டிய நாளில் என் கையையே உள்ளே நீட்டுவது. உன்னைத் தொடுகிறது அதுங்க மட்டும்தான் என்று அங்கே கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆண் கொசு பெண்ணைத் தேடுவது காதால்தான். அவள் சிறகின் ரீங்காரம் விழுந்தால் போதும், ஓடும். வலைக்கு வெளியே ஒரு சின்ன ஸ்பீக்கரில் அந்தச் சத்தத்தைப் போட்டால், பெண்ணே இல்லாத இடத்தில் போய் மொய்க்கும். ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா, காது கேட்பதற்கான ஒரே ஒரு மரபணுவை வேலை செய்யவிடாமல் நிறுத்திவிட்டார். அந்த ஆண்கள் செவிடாகப் பிறந்தன. பறந்தன, சர்க்கரைத் தண்ணீர் குடித்தன, வேறு ஒரு குறையும் இல்லை. ஸ்பீக்கரைப் போட்டோம், ஒன்றுகூட அசையவில்லை. பெண்களோடு மூன்று நாள் ஒரே கூண்டில் விட்டோம். பெண்கள் முகத்துக்கு முன்னாலேயே பறந்து போனார்கள், அந்த ஆண்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. அதே மரபணுவைப் பெண்ணிடம் நிறுத்தினால் ஒன்றும் ஆவதில்லை, அவள் சேர்ந்துவிடுகிறாள். அதுவும் பெரும்பாலும் ஆயுளுக்கு ஒரே தடவை. பிறகு யார் வந்தாலும் உதறிவிடுவாள்.

"ஆசை, கீசையெல்லாம் ஒண்ணும் இல்ல போலிருக்கு. எல்லாம் ஒரு சத்தம்தான்" என்றார் டாக்டரம்மா, டீயைக் குடித்துக்கொண்டே.

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என் வீட்டுக்காரர் மேல் இருந்த கோபமே போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை. காது உள்ளவர், அவ்வளவுதான்.

அவருக்குக் காதில் ஓயாத அரிப்பு. சொட்டு மருந்து விட என்னைத்தான் கூப்பிடுவார். கொசுவின் கால் ஒடியாமல் எடுக்கிற கை என்று ஒரு நம்பிக்கை. புட்டியில் இருந்ததைக் கொட்டிவிட்டு, ஆய்வுக்கூடத்து அலமாரியிலிருந்து எடுத்ததை ஊற்றி வைத்தேன். காதுக்கு ஆகாது என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கும். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் என் மடியில் தலைவைத்துப் படுப்பார். ஒரு காதுக்கு விட்டதும் தானாகவே திரும்பி மறு காதைக் காட்டுவார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் படுத்ததில்லை. அதனால் நான் அவசரப்படவில்லை. ஏழு மாதம் ஆயிற்று.

முதலில் போனவை பியானோவின் வலது ஓரக் கட்டைகள், அந்த மெல்லிய ஸ்வரங்கள். மரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று பியானோ மேல்தான் பழி போட்டார். கம்பியை மாற்றினார், சுத்தியலின் கம்பளியை மாற்றினார். பிறகு நடுக் கட்டைகளும் மரத்துப்போயின. சுருதி சேர்க்கப் போன வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக, இனிமேல் வர வேண்டாம் என்றன.

ஐந்தாம் மாதம் பாட்டு டீச்சர் எங்கள் வீடு தேடி வந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், கைத்தடியோடு படியேறி மூச்சு வாங்கினார்.

"எங்க வீட்டுக்கு வந்தா என்கூட ரெண்டு வார்த்தை பேச மாட்டாரும்மா. ஒரே கட்டையை மணிக்கணக்கா தட்டித் தட்டிக் கேட்டுட்டு இருப்பாரு, நான் நாற்காலியிலயே தூங்கிடுவேன். அந்தப் பியானோ சத்தம்னா அவருக்கு உசுரு. நல்ல டாக்டரா பாத்துக் காட்டும்மா."

காட்டுகிறேன் என்றேன். கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டேன். அன்று சாயங்காலமும் மருந்து விட்டேன். ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லை. தவிர, அவர் போனது டீச்சருக்காக இல்லை, சத்தத்துக்காகத்தான் என்றால், நான் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறேன்.

இப்போது அவர் எங்கும் போவதில்லை. தன் குரலே கேட்காமல் பேசப் பிடிக்கவில்லை என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார், அதோடு பேச்சும் நின்றது. சுருதி பார்க்கிற இசைக்கவையை முழங்காலில் தட்டி, அதன் காம்பைப் பல்லால் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள். அதிர்வு மட்டும் தெரிகிறதாம். நான் அவர் முன்னாலேயே போகிறேன், வருகிறேன். டீ வைக்கிறேன். அன்றன்று நடந்ததையெல்லாம் சொல்கிறேன். முன்பு நான் தனியாக இருந்த வீடு இது, இப்போது எப்போதும் இரண்டு பேர் இருக்கிறோம். மடியில் படுப்பது மட்டும் நின்றுவிட்டது, அரிப்பு போய்விட்டது அல்லவா.

கெடுதல் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அதை அவர்தான் சொல்ல வேண்டும். இருங்கள், உங்கள் முன்னாலேயே கேட்கிறேன்.

"என்னங்க, உங்களுக்கு என்கிட்ட ஏதாவது குறை இருக்கா?"