கடலைக்காட்டில் ஹெலிகாப்டர்

வெங்கடாசலம்: ...இல்லக்கா, நான் நிக்கறேன். நாற்காலியில நீங்க உக்காருங்க.

குள்ளம்மாள்: போன மாசம் அரூர் பஸ் ஸ்டாண்டுல 'ஏம்மா'ன்னு கத்துனீங்க. இன்னிக்கு அக்காவா?

வெங்கடாசலம்: அது... வெயிலுக்கா.

குள்ளம்மாள்: 'பொக்லைன் ஓட்டற உம்பையனுக்கு எம்பொண்ணு கேக்குதா'ன்னீங்க.

வெங்கடாசலம்: நம்ம தீர்த்தனையா? நானா? ...சரி, அத வுடுங்க. ஹெலிகாப்டரு உங்க கடலக்காட்டுலதான எறங்குச்சு?

குள்ளம்மாள்: ஆமா. பாதி செடி போச்சு.

வெங்கடாசலம்: செடி கெடக்குது! வந்தது பெங்களூர்ல பெரிய மொதலாளியாம்ல?

குள்ளம்மாள்: இருக்கும். சட்ட நல்லாருந்துச்சு.

வெங்கடாசலம்: நேரா உங்க வூட்டுக்கு... ஓடியே வந்தாராம்!

குள்ளம்மாள்: ஓடித்தான் வந்தாரு.

வெங்கடாசலம்: என்னன்னு கூப்ட்டாரு?

குள்ளம்மாள்: 'அம்மா'ன்னாரு.

வெங்கடாசலம்: பாத்தீங்களா! தூரத்துச் சொந்தமா...?

குள்ளம்மாள்: நான் ஒன்னும் சொல்லலீங்க, ஊர்தான் சொல்லுது. நகைக்கு வட்டி கட்டப் போனா, பேங்க்குல ஃபேனுக்கடியில உக்கார வக்கிறாங்க. ஜவுளிக்கடைக்காரரு கேக்காமயே பட்டுச்சேல குடுத்துவுட்டாரு. கோயில் கமிட்டிக்கு நாந்தான் தலைவராம்.

வெங்கடாசலம்: அதான்க்கா... எம்பொண்ணு கோகிலவாணிய நம்ம தீர்த்தனுக்கே குடுத்தர்லாம்னு தட்டோட வந்தேன்.

குள்ளம்மாள்: இருங்க. தட்ட வாங்கறதுக்கு முன்னால உண்மையச் சொல்லிப்புடறேன். அந்தாளுக்கு வயித்தால போயிருக்குது, பாவம். 'அம்மா, கக்கூஸ் எங்க'ன்னு ஓடியாந்தாரு. போனாரு, வந்தாரு, ஒரு சொம்பு மோர் குடிச்சாரு, பறந்துட்டாரு. பேரு கூடத் தெரியாது. ஒரு பைசா வராது எனக்கு.

வெங்கடாசலம்: ...தெரியும்க்கா.

குள்ளம்மாள்: என்னது?

வெங்கடாசலம்: அந்நேரம் பைலட்டுக்கு டீ வாங்கிக் குடுத்தது எம்மச்சான். எல்லாம் சொல்லிட்டான்.

குள்ளம்மாள்: அப்பறம் எதுக்கு இந்தத் தட்டு?

வெங்கடாசலம்: எப்படிச் சொல்றது... உங்க பையனும் எம்பொண்ணும் களவாக் கல்யாணம் பண்ணிருக்குதுங்க. அவ கழுத்துல மஞ்சக்கயித்த அவங்கம்மா பாத்துட்டா. அன்னைலருந்து எனக்குச் சோறு எறங்கல.

குள்ளம்மாள்: மொதல்ல இந்த மோரக் குடிங்க.

வெங்கடாசலம்: பங்காளிங்ககிட்ட என்னன்னு சொல்ல? ஹெலிகாப்டர் வந்த வூடு, நானே தேடிக் குடுத்தேன்னு இருக்கட்டும். அந்த வயித்துக் கதைய மட்டும் வெளிய வுட்றாதீங்க. இப்பிடித் திடீர்னு சொல்றனே, உங்களுக்கும் தலையில இடி எறங்குன மாதிரிதான் இருக்கும்... மன்னிச்சிருங்கக்கா.

குள்ளம்மாள்: தட்டக் குடுங்கண்ணே. தீர்த்தமலக் கோயில்ல அவனுக்குத் தாலி எடுத்துக் குடுத்ததே நாந்தான்.