செருப்போடு குளிக்கிற வீடு

சுவிஸில், பெர்னுக்குப் போகும் பஸ்ஸில், ஓஸ்டர்முண்டிகனில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் என் முன் சீட்டில் இருந்தார்கள். இளையவள் சமையல் குறிப்புச் சொல்வதுபோலச் சொன்ன ஒரு வசனத்தைக் கேட்டு நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

“நாங்கள் செருப்போடைதான் குளிக்கிறனாங்கள் அக்கா.”

“செருப்போடையோ?”

“ஓம். ஷவர் பைப்பைத் தொட்டா சாடையா கரண்ட் அடிக்குது. ரப்பர் செருப்பெண்டா அவ்வளவு தெரியாது.”

“வீட்டுக்காரனுக்குச் சொல்லேல்லையோ?”

“சொன்னா, ஷவருக்குத் தண்ணி சுடவைக்கிற ஹீட்டரை ஆர் பூட்டினதெண்டு கேப்பான். எங்கடை இவர்தான் லண்டனிலையிருந்து கொண்டுவந்து பூட்டினவர்.”

“வாடகை வீட்டிலை! உன்ரை மனுசனுக்கு உந்த வேலை தெரியுமோ?”

“தெரியும். முதல் கரண்ட் கசியுதெண்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. அதைக் கழட்டிப்போட்டு நேரே வயரைக் குடுத்தவர். இப்ப விழுறேல்லை.”

“இனி ஆள்தான் விழும். பிள்ளையளும் உதிலையோ குளிக்குதுகள்?”

“அதுகளுக்கும் சின்னச் செருப்பு வாங்கி வைச்சிருக்கிறன்.”

“நல்ல தாய். மனுசனும் செருப்போடையோ?”

“இல்லை அக்கா. அவர் மெயின் சுவிட்சை நிப்பாட்டிப்போட்டுப் பச்சைத்தண்ணியிலை குளிப்பார்.”

மூத்தவள் இறங்குவதற்கு மணியை அழுத்தினாள்.

“அப்ப வேலை தெரிஞ்ச மனுசன்தான்.”