முட்டைக்குக் காவல் இருந்தவன்

அந்த அட்லஸ் அந்துப்பூச்சியை மிதித்துக் கொன்றது நான்தான். கல்முனையில் வீட்டு முன்னறையிலேயே இருபது வருடமாக விலங்கியல் டியூசன் கொடுக்கிறேன். காட்டிப் படிப்பிக்கக் கொண்டுவந்த பூச்சியைத் தானே செருப்புக்காலால் அரைத்த மாஸ்டர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வகுப்பே சிரித்தது. சமாளிப்பதற்காகப் பலகையில் கோடு இழுத்து, ஒரு பக்கம் அந்துப்பூச்சி, மறுபக்கம் இராட்சத சலமந்தர் என்று எழுதினேன்.

வளர்ந்த அந்துப்பூச்சிக்குத் தின்ன வாய் கிடையாது. சோடி சேர ஒரு கிழமைதான் தவணை. பெண்பூச்சி ஓரிடத்தில் தொங்கிக்கொண்டு காத்திருக்கும். சலமந்தரோ தவளைக்குச் சொந்தக்காரன், ஆள் நீளம், ஆற்றுப் பொந்தில் ஐம்பது வருடமும் கிடக்கும். முட்டைகளுக்கு ஆண்தான் காவல். பழுது என்று அதற்குப் பட்ட முட்டையை அதுவே தின்றுவிடும்.

"நல்ல காவல்தான் சேர்" என்றான் பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன்.

எங்கள் ஊர்ப்பக்க வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். வாப்பா இந்த வீட்டை என் தங்கச்சி முஸ்பிறாவுக்கென்று கட்டி, அவளுடைய கலியாணத்தை என் பொறுப்பில் விட்டுவிட்டு மௌத்தானார். அவளுக்கு முடித்து வைத்தால் நான் பெட்டியோடு வெளியேற வேண்டும். எனக்குப் பெண் தர ஊரில் யாரும் அவசரப்படவுமில்லை.

மாப்பிள்ளை வீட்டார் முதலில் என்னிடம்தான் விசாரிப்பார்கள். நான் பொய் சொல்லவில்லை. "மறைக்கப்படாது, மருந்து எடுக்கிறா, இப்ப பரவாயில்ல" என்று குரலைத் தாழ்த்துவேன். வலிப்பா என்று கேட்டால் நிலத்தைப் பார்ப்பேன். அவள் எடுத்தது வயிற்றெரிவுக் குளிசை. நாலு சம்பந்தம் போயிற்று. நாலு தடவையும் ஆறுதலுக்கு வட்டிலப்பம் வாங்கிக் கொடுத்தேன். பாதியை நானே தின்றேன். இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று.

வகுப்பு கலைந்தபின் அவள் பூச்சியின் சிறகைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளினாள். சுவருக்கு அப்பாலிருந்து பாடத்தை அவளும் கேட்டிருந்தாள். ஒவ்வொரு சம்பந்தமும் தட்டிப்போனபோது கேட்டதையே கேட்டேன்: "உனக்கு மனவருத்தம் ஒண்டும் இல்லத்தானே?"

"உங்கட விருப்பம் காக்கா" என்பதுதான் அண்ணனான எனக்கு அவளுடைய வழக்கமான பதில். இன்று தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள்.

"நாலாவதா வந்த மாப்புள என்னட்டையே கேட்டார் காக்கா, வலிப்பு இருக்கா எண்டு. ஓம் எண்டன். இல்ல எண்டிருந்தா உங்களத்தான் ஊர் பொய்யன் எண்டிருக்கும். எனக்கு அவரப் புடிச்சிருந்திச்சு."