வாவி ராணிக்குக் கரி போட்டவர்

டொக்டர், உங்கள் தலைக்கு மேலே சுற்றுகிற காற்றாடி ஒரு பக்கம் சாய்ந்து ஆடுகிறது. மேலே ஒரு நட்டு தளர்ந்திருக்க வேண்டும். இறுக்கிவிட்டால் சத்தம் நின்றுவிடும். நீங்கள் ஞாபகத்தில் வைத்திருக்கச் சொன்ன சொற்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. குடை, வாழைப்பழம், வண்டில். இன்றைக்கு வியாழக்கிழமை. என் பெயர் அழகரத்தினம், ஊர் செங்கலடி, ரயில்வே சரக்குக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளியே வாங்கில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறவள் என் மகள் கம்சாயினி. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டீர்கள். இனி நான் சொல்வதையும் கேளுங்கள். எனக்கு நோய் ஒன்றும் இல்லை. நான் செய்தது குற்றம்.

ஆரம்பித்து வைத்தவர் என் சம்பந்தி நல்லைநாதன், கம்சாயினியின் மாமனார். யாழ்ப்பாணத்து மனிதர். நல்லவர்தான், வாயைத் திறக்காத நேரங்களில். போன வருசம் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்தவர், என் வீட்டுக் கதிரையில் இருந்து, என் வீட்டுக் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு, தங்கள் பக்கத்து ரயிலின் பெருமையை மத்தியானம் முழுக்க அளந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்கட பக்கம் கரிக்கோச்சி எண்டு என்னத்தை ஓடினது? நெல்லு மூட்டையும் மாடும் ஏத்தின சாமான் வண்டிதானே."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் சிரித்தேன். "என்ன சம்பந்தி, வாவி ராணியப் பற்றி நீங்க கேள்விப்படயே இல்லையா?" என்றேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்தது, சொன்னேன். ஆனால் கோழிக்கால் அவர் வாய்க்கு வெளியே அப்படியே நின்றதே, அதற்காக ஒரு எஞ்சின் என்ன, ஒரு லைனையே போட்டுக் காட்டியிருப்பேன்.

சொன்னால் போதுமா, நிலைநாட்ட வேண்டுமே. மறுநாள் முகநூலில் எழுதினேன். பச்சை நிற நீராவி எஞ்சின். ஆறு பெரிய சக்கரங்கள். நெற்றியில் பித்தளை மீன். அது ஊதினால் வாவியில் பாடுகிற மீன்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்குமாம். கடைசியில் கொழும்புக்குக் கொண்டுபோய் உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்று முடித்தேன். இல்லாத எஞ்சினுக்கு எலும்பும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நான் வேலைக்குச் சேர்ந்ததே கரி எஞ்சின்கள் ஓய்ந்து பல வருசங்களுக்குப் பிறகுதான். ஆனால் ரயில்வேக்காரன் எழுதினால் அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

பிறகு நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. சுவிஸில் இருந்து ஒருவர், தன் அம்மப்பாதான் அந்த எஞ்சினின் டிரைவர் என்று எழுதினார். மண்டூரில் இருந்து ஒருவர், சின்ன வயதில் அதன் ஊதல் கேட்டுத்தான் விடிய எழும்புவோம் என்றார். மண்டூருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே வாவியே கிடக்கிறது. காத்தான்குடிப் புடவைக்கடை ஒன்றில் 'வாவி ராணி' என்று பச்சைச் சேலை வந்தது. ஏறாவூரில் வாவிக் கரைப் பூங்காவில் அதற்குச் சீமெந்தில் ஒரு சிலை வைப்பதென்று ஊரவர் கூடி முடிவெடுத்தார்கள். நாலு சக்கரந்தான் வைத்தார்கள். ஆறு என்று நான் தெளிவாக எழுதியிருந்தேன். வரலாற்றில் இப்படி அலட்சியமாக நடப்பது எனக்குக் கட்டோடு பிடிக்காது.

எல்லாருக்கும் சந்தோசம். றவூப் காக்காவுக்கு மட்டும் இல்லை.

அவரை உங்களுக்குத் தெரியும். உங்களிடந்தான் மருந்து எடுக்கிறார். இந்த லைனில் கரி எஞ்சின் ஓடிய கடைசிக் காலத்தில் பயர்மனாக நின்று, அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர். அந்த வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருக்கிறவர் அவர் ஒருவர்தான். எனக்கு வருசக்கணக்கான கூட்டாளி, அண்ணன் முறையில் காக்கா. பின்னேரமானால் ஏறாவூர் ஸ்டேசனுக்கு முன்னால் ஸாஹிரின் கடையில் எங்களுக்குத் தேத்தண்ணி, அதற்கு அவருடைய வாய்தான் சீனி. அடக்கம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர். தான் கரி போட்ட ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். நின்ற இடத்தில் புஸ்புஸ் என்று சீறிக்கொண்டே இருக்கிறது 'மாமி'. தண்ணீரை இழுக்காமல் அடம்பிடித்து, சவளால் இரண்டு போட்டால்தான் வழிக்கு வருகிறது 'கள்ளன்'. ஏற்றத்தில் இருமி இருமி ஏறுகிறது 'பீடி'. கரி அள்ளுகிற அந்தச் சவளையே அடுப்பில் காட்டி முட்டை பொரித்துத் தின்ற கதையை அவர் சொன்னால், சோறு தின்றுவிட்டு வந்தவனுக்கும் பசிக்கும்.

வீடு வளவையெல்லாம் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்ட மனிதருக்கு மிச்சமிருந்தது அந்த எஞ்சின்கள்தான். அவற்றைப் பற்றி றவூப் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று ஊருக்கே தெரியும். அந்த மரியாதையில்தான் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

ஒருநாள் கடையில் எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்தார்.

"அழகரெத்தினம் தம்பி, என்ன கத இது? இந்த லைனில ஓடின எல்லாத்துக்கும் கரி போட்டவன் நான். வாவி ராணியுமில்ல, வாவி ராசாவுமில்ல. அப்பிடியொரு எஞ்சின் ஓடயே இல்ல."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். சிலைத் திறப்பு விழாவுக்கு நல்லைநாதனுக்கு அழைப்பு அனுப்பியாகிவிட்டது, டொக்டர். வருவதாகவும் சொல்லிவிட்டார். நான் கோபப்படவில்லை. றவூப் காக்காவின் கையைப் பிடித்து, "மறந்திட்டீங்க போல காக்கா. பரவாயில்ல, வயசு போனா எல்லாருக்கும் வாறதுதானே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கு ஸாஹிர் அவருக்குத் தேத்தண்ணியைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி ஆற்றிக் கொடுத்தான்.

அதன் பிறகு செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். அவர் சைக்கிளை எப்போதும் கடைக்கு முன்னால் வேம்பின் கீழே விடுவார், பூட்டுவதில்லை. அவர் தொழுகைக்குப் போன நேரம் அதை உருட்டிக்கொண்டுபோய் ஸ்டேசன் மதிலோடு சாத்தினேன். களவில்லை இது, விழுந்துவிடாமல் பார்த்துத்தான் சாத்தினேன். முதல் தரம் ஊர்ப் பெடியன்களை வாய்க்கு வந்தபடி ஏசினார். அடுத்த தரம் யாரையும் ஏசவில்லை. அதற்கடுத்த தரம் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"தம்பி, நான் சைக்கிள எங்க உட்ட?"

அவர் குரலைத் தாழ்த்திப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. "நீங்கதானே காக்கா மதிலோட சாத்தின. நான் பாத்துக்கொண்டுதானே இருந்த" என்றேன். மூக்குக்கண்ணாடியையும் ஓரிரு தரம் இடம் மாற்றி வைத்தேன். அது தேவையில்லைதான். பகிடிக்குச் செய்தேன்.

அவருடைய மகள் நிஸ்மியா தங்கமான பிள்ளை. "வாப்பாவக் கொஞ்சம் பாத்துக்கோ மகள்" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். மிச்சத்தை அவளுடைய பாசம் பார்த்துக்கொண்டது. சைக்கிளை விற்றாள். படலைக்குப் பூட்டுப் போட்டாள். பிறகு உங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். துணைக்கு நானும் வந்தேன். அவள் வெளியே பதிவுத் துண்டு எடுக்க வரிசையில் நின்றாள். அவர் இந்தக் கதிரையில், நான் அவருக்குப் பின்னால். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டீர்கள். பிட்டும் மீன் சொதியும் என்றார். நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். அவர் பிட்டும் சொதியும் தின்னும்போது நான் பக்கத்தில் இருந்தவன். எனக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. நல்ல சொதி. நான் ஒன்றும் சொல்லாமல் நிலத்தைப் பார்த்தேன். நீங்கள் என்னவோ எழுதிக்கொண்டீர்கள். பொய் என்று ஒரு சொல் என் வாயில் இருந்து வரவில்லை என்பதை நீங்களே சொல்வீர்கள்.

உங்கள் குளிசை நல்ல குளிசை. அவரைப் பகலிலும் தூங்க வைத்தது.

விழாவுக்கு முந்திய வாரம் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்தார். உடம்பில் பாதி போயிருந்தது. என்னைக் கண்டதும் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உன்னட்ட ஒண்டு கேக்கன், அல்லாவுக்காக உண்மையச் சொல்லு. வாவி ராணியெண்டு ஒண்டு ஓடினதா? ஓடினதெண்டா என்ட மண்டதான் பழுது. ஓடயில்லண்டா நான் நல்லாரிக்கன். எனக்கு வேற ஆரிட்டயும் கேக்க ஏலா. நீதான் என்ட கூட்டாளி."

ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மனிதர் எழும்பி உட்கார்ந்திருப்பார். நான் ஒன்றும் கல்லில்லை. ஆனால் நல்லைநாதன் பஸ்ஸில் சீட் பிடித்துவிட்டார்.

"ஓடினது காக்கா. நீங்கதானே அதுக்குக் கரி போட்ட" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். முதுகு குலுங்கியது. திரும்பாமலே, "பச்சையா?" என்று கேட்டார். "பச்சதான் காக்கா" என்றேன்.

விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்தோம். நான் அசந்துபோனேன், டொக்டர். வாவி ராணி நின்ற இடத்தில் புஸ்புஸ் என்று சீறுமாம். தண்ணீர் இழுக்க மறுத்தால் சவளால் இரண்டு போட வேண்டுமாம். ஏற்றத்தில் இருமுமாம். மாமியும் கள்ளனும் பீடியும் அந்தச் சீமெந்து எஞ்சினுக்குள் போய் ஏறிக்கொண்டார்கள். இந்த லைனில் உண்மையாகவே ஓடிய கரி எஞ்சின்களில் ஒன்றுகூட அவர் தலையில் மிச்சமில்லை. சனம் கைதட்டியது. நிஸ்மியா அழுதாள். நல்லைநாதன் முன்வரிசையில் எழும்பி நின்று கைதட்டினார்; அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இரண்டு பிளேட் புரியாணி இறங்கியது.

அதற்குப் பிறகுதான் ஒன்றும் ருசிக்கவில்லை. ஸாஹிரின் கடையில் தனியே இருந்து பார்த்தேன். பேச ஆளில்லை. மனச்சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நுணுக்கமாகச் செய்த ஒரு வேலையை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிற கஷ்டம் என்றும் வைத்துக்கொள்ளலாம். போன வெள்ளிக்கிழமை அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்படி ஒரு எஞ்சினே இல்லை, நான் கட்டிய கதை, சைக்கிளை உருட்டியவனும் நான்தான், உங்கள் மண்டையில் ஒரு பழுதும் இல்லை என்றேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடி வாங்கவும் தயாராகப் போனேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். என் தலையை மெல்லத் தடவிவிட்டார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"நிஸ்மியா, இஞ்ச வா மகள். அழகரெத்தினம் தம்பிக்கும் தொடங்கிற்று. வாவி ராணி ஓடயே இல்லையாம். பாவம், அவர்ர வீட்டாக்களுக்கு போனில ஒரு கோல் எடுத்துச் சொல்லிடு."

தங்கமான பிள்ளை என்றேனே, உடனே எடுத்தாள். என் மோட்டார்சைக்கிளைப் பூட்டி எடுத்த திறப்பு இப்போது கம்சாயினியின் கைப்பையில் இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன்.

நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் யாரைக் கேட்டுப் பார்ப்பீர்கள்? என் பேரனைக் கேட்டால், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் வாவி ராணியைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியதைச் சொல்வான். நல்லைநாதனைக் கேட்டால், தான் சின்ன வயதில் அதில் ஏறியதாகவே சொல்வார்; அவருடைய குணம் அப்படி. என் தலை சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அந்த ஆளை இல்லாமல் ஆக்கியவன் நான்.

ஆகவே எனக்குக் குளிசை எழுத வேண்டாம், டொக்டர். பேனாவைக் கீழே வையுங்கள். அவருடைய குளிசையை நிறுத்துங்கள். மனிதர் பாவம், எவ்வளவு காலத்துக்கு இப்படிக் கிடப்பார்? ஒரேயொரு நாள் தெளிந்து வந்து, அழகரத்தினம் சொல்வது சரி என்று உங்கள் முன்னால் சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு வேண்டுமானால் அவர் திரும்பவும் மறந்துகொள்ளட்டும்.