ஏலம் முடியும்வரை நிறுத்தாத கணினி

பெயர் ரெஜிலா, வயது 31, கணவர் பெயர் சிபின், கொல்லயில் பஞ்சாயத்தில் குடியிருப்பு. அமரவிளையிலுள்ள ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை ஆய்வகத்தின் கணினியை வீட்டிலிருந்தே பராமரித்து வருகிறேன். காவல் அதிகாரி கேட்டதற்கு நான் சொல்வதாவது:

மேற்படி கணினியில் ஆய்வகத்தின் மென்பொருளோடு எங்கள் சபையின் இணையப் பக்கமும் ஓடுகிறது. எங்கள் சபையில் உழைப்பையும் காணிக்கையாகக் கொடுப்பது வழக்கம். ஒருவர் ஆலயத்துக்கு வெள்ளையடிப்பார், ஒருவர் மைக் செட் பார்ப்பார், நான் இதைச் செய்தேன். ஆய்வக உரிமையாளர் மணியனிடம் கேட்டபோது, "எடம் கெடக்குதுன்னா போட்டுக்க" என்றார். இப்போது அப்படிச் சொன்ன நினைவில்லை என்கிறார்.

இரண்டும் வெவ்வேறு கன்டெய்னரில் இருந்தன. கன்டெய்னர் என்றால் ஒரே கணினிக்குள் தனித்தனியாகப் பூட்டிய அறை மாதிரி. ஓர் அறைக்குள் வந்தவன் அடுத்த அறைக்குப் போக முடியாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

கடந்த ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, அந்த அறைகளை நடத்தும் மென்பொருளிலேயே ஓட்டை இருப்பதாகவும் உடனே திருத்தம் போடும்படியும் எச்சரிக்கை வந்தது. போடுவதானால் எல்லாவற்றையும் சில நிமிடம் நிறுத்த வேண்டும். அன்று அறுப்பின் பண்டிகை, சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைச்சலை ஏலம் விடும் நாள். ஆராதனை முடிந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. வளைகுடாவிலிருக்கும் சபையார் இணையப் பக்கம் வழியாக ஏலம் கேட்டார்கள். போதகர் ராபின்சனிடம் சொன்னேன். "ஏலம் முடியட்டு மக்கா. ஏத்தன்குலை இனியாக்கும் வரப்போவுது" என்றார். எனக்கும் நிறுத்த மனம் வரவில்லை. அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் போனை உயர்த்திப் பிடித்து அவர்களுக்கு வாழைக்குலைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து திருத்தத்தைப் போட்டுவிட்டுப் பதிவுகளைப் பார்த்ததில், 11.50க்கு யாரோ சபைப் பக்கம் வழியே நுழைந்து, அந்த ஓட்டையால் வெளியே வந்து ஆய்வக அறிக்கைகளை எடுத்திருப்பது தெரிந்தது. ஆனால் எடுத்தவர் என்ற இடத்தில் கணினியின் முழு அதிகாரம் உள்ளவர் என்று இருக்கிறது. முறைப்படி அந்த அதிகாரம் எனக்கு மட்டும்தான் உண்டு; ஓட்டை வழியே வெளியே வந்தவனுக்கும் அது கிடைத்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப நீதானே?" என்று சார் கேட்டார். அந்த நேரத்தில் சபை முழுக்க என்னை ஆலயத்தில் பார்த்தது. பதிவைப் பார்த்தால் நான் கணினிக்குள் இருந்திருக்கிறேன். யோசிக்க யோசிக்க எனக்கே குழம்புகிறது. நான் இங்கே சாட்சியா, குற்றவாளியா என்றும் யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு திங்கட்கிழமை சில அறிக்கைகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. அதில் ஷீனாவுடையதும் ஒன்று. எங்கள் சபைப் பெண், அடுத்த மாதம் கல்யாணம். சாயங்காலம் போன் செய்தாள். திட்டுவாள் என்று பயந்தேன். திட்டவில்லை. "அக்கா, நீங்க அத வாசிச்சியளா?" என்று மட்டும் கேட்டாள். "இல்ல மக்கா" என்றேன்.

எவையெல்லாம் போயின என்று சரிபார்க்கப் பெயர்களைப் பார்த்தால் போதும். ஞாயிறன்று அப்படிச் சரிபார்க்கையில் ஷீனாவின் பெயரைக் கண்டதும் அவள் அறிக்கையைத் திறந்து கடைசி வரி வரை வாசித்தேன்.

மேலே உள்ளதை வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. இங்கே சொன்னது முழுவதும் உண்மை. ஷீனாவிடம் சொன்னது பொய்.

(ஒப்பம்)
ரெஜிலா