அத்தானுக்காகப் பேசிய கணினி

சிலர் மவுஸை மேசையிலிருந்து தூக்கி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, அம்பு நகரவில்லையே என்று பதறுவார்கள். நான் போகும் மாலைக் கணினி வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரர் அந்த ரகம். அவரை நான் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவைப்பேன். "அட, சரியாயிடுச்சே" என்பார், ஏதோ கணினி மனம் திருந்திவிட்டதைப்போல. கணினியைப் பயன்படுத்துகிறவர்களைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயம் அவ்வளவுதான். கையைப் பிடித்து இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் காவல் நிலையத்துக் கணினி மறுபடியும் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு தொடங்குகிறது. என் வாக்குமூலத்தை அது எங்கே விட்டதோ அங்கிருந்து சொல்கிறேன், அவசரமில்லை. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் அப்படித்தான். அதைச் செய்த நிறுவனம் தூங்கச் சொன்னால் தூங்கும், எழச் சொன்னால் எழும். உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் மேலதிகாரிக்கும் தெரியாது. நான் பயன்படுத்துவது வேறு வகை. திறந்த மென்பொருள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதன் ஒவ்வொரு வரியையும் படிக்கலாம், திருத்தலாம், கேள்வி கேட்கலாம். அதில் நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவின் கணவர், என் அத்தான், கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். நாக்கில் முள்ளோடு பிறந்தவர். பழைய கணினிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்திருந்தால் தாண்டிப் போகும்போது, "என்ன மேதாவி, இன்னிக்கு எந்த டப்பாவுக்குப் பிரேதப் பரிசோதனை?" என்பார். அக்கா சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. யாராவது சிரித்தால் அதில் நியாயம் இருக்குமோ என்று முதலில் என்னைத்தான் சோதித்துப் பார்ப்பேன்.

பிறகு அந்த நரம்பு நோய் வந்தது. கை போயிற்று, கால் போயிற்று, கடைசியில் நாக்கு. கண்கள் மட்டும் மிச்சம். மேலே பார்த்தால் ஆமாம், மூடித் திறந்தால் இல்லை. அக்கா அதைக் கொண்டே குடித்தனம் நடத்தினாள். "ஜன்னலைச் சாத்தவா? தலையணையை ஏத்தவா? அந்தப் பக்கத்து வீட்டுக்காரி பேசினது கேட்டுச்சா?" என்று வரிசையாகக் கேட்டு, கண்ணைப் பார்த்துப் பார்த்துப் பதில் வாங்கிக்கொள்வாள்.

மருத்துவமனையில் கண்ணால் பேசும் கருவி ஒன்றைக் காட்டினார்கள். விலையைக் கேட்டதும் அக்கா கைப்பையை மூடிக்கொண்டாள். நான் செய்து தருகிறேன் என்றேன். ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட கணினி, ஒரு கேமரா, திறந்த மென்பொருளாக ஏற்கெனவே இருந்த கண்வழித் தட்டச்சுத் திட்டம். பல நாடுகளிலிருந்து முகம் தெரியாதவர்கள் சேர்ந்து எழுதியது. பாதிப்பேர் ஆரம்பித்துவிட்டு ஓடிப்போனவர்கள். அவர்கள் விட்டுப்போன ஓட்டைகளை அடைத்தேன். அத்தானின் பழைய வகுப்புப் பதிவுகளிலிருந்து அவர் குரலையே செயற்கையாக வடித்தெடுத்தேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது தாமதம் என்பதால், அவர் நாலு எழுத்து பார்த்தால் மீதியை ஊகித்து முழு வாக்கியமாகச் சொல்லும் மொழி மாதிரி ஒன்றையும் இணைத்தேன். இந்தக் காலத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் ஒழுங்காக இணைக்கப் பொறுமை வேண்டும்.

முதல் நாள் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பல மாத மௌனத்துக்குப் பிறகு அந்த மனிதர் வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம்: "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் எழுத்தைப் பெரிதாக்கினேன்.

மறுநாள், குரல் மூக்கடைத்த மாதிரி இருக்கிறது என்றார். சரிசெய்தேன். அடுத்து, திரை கண்ணைக் கூசவைக்கிறது. அடுத்து, இந்த வேகத்தில் பேசினால் நான் செத்த பிறகுதான் வாக்கியம் முடியும். எல்லாவற்றையும் சரிசெய்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு எழுத்து கிடைக்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரே சாதி. கட்டிலில் படுத்திருந்தாலும் சரி, கடலுக்கு அப்பால் இருந்து குறை எழுதி அனுப்பினாலும் சரி.

அக்காவையும் விடவில்லை. ஸ்பூனில் டீ ஊட்டினால் ஒலிபெருக்கி சொல்லும்: "இது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியா?" அக்கா, "வாய மூடிக்கிட்டுக் குடிங்க. மிஷினு வந்ததும் கொழுப்பு ஏறிப்போச்சு உங்களுக்கு" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். நோயாளியின் மனம் நோகக்கூடாது என்று அவள் சிரிப்பதாக நான் புரிந்துகொண்டேன்.

ஆகவே ஒரு சின்ன மாற்றம் செய்தேன். மொழி மாதிரிக்குக் கட்டளை கொடுக்க இப்போதெல்லாம் பெரிய நிரல் தேவையில்லை. நாம் பேசும் மொழியிலேயே எழுதிவைத்தால் போதும். "கடுமையாகச் சொன்னால் இனிமையாக மாற்றிச் சொல்" என்று ஒரு வரி. அதை வழக்கப்படி, காரணத்தோடு, திட்டத்தின் இணையப் பக்கத்தில் பொதுவில் வெளியிட்டேன். எங்கோ இருக்கும் ஒருவர் கட்டைவிரல் தூக்கிக் காட்டினார். படித்திருக்க மாட்டார். யாரும் படிப்பதில்லை, திறந்திருக்கிறது என்றாலே அவர்களுக்குப் போதும். வேறு யாரோ படித்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அன்று ஒலிபெருக்கி, "டீ ரொம்ப நல்லா இருக்குமா" என்றது.

அக்கா ஸ்பூனோடு நின்றுவிட்டாள். "என்னடி இவரு, தேனா ஒழுகுறாரு. காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அத்தான் கண்ணை மூடித் திறந்தார். மூடித் திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். அக்கா பார்க்கவில்லை. அடுத்து என்ன வரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணினி வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் அவர் கண்ணைப் பார்ப்பதில்லை. இதற்கும் நான் பொறுப்பாக முடியாது.

அதன்பின் அவர் புகார்கள் அதிகமாயின. நான் பக்கத்து அறையில் மடிக்கணினியில் அவர் உண்மையில் கண்ணால் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "நான் இப்படிச் சொல்லல" என்று தட்டினார். "நீ சொல்றபடியே ஆகட்டும்" என்று ஒலிபெருக்கி சொன்னது. வீடு அமைதியாயிற்று. மென்பொருள் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளமே, அது இருப்பது தெரியாமல் இருப்பதுதான்.

இப்போது டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதற்குத்தான் பேனாவை உருட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அத்தானுக்கு மூச்சு குறைந்துகொண்டு வந்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மூச்சுக் கருவியோடு இணைத்தால் இன்னும் சில வருடங்கள் இருப்பார். இல்லாவிட்டால் சில வாரம். அடுக்களையில் அக்காவிடம் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "போட்டுக்கலாம்டி. இருந்து என்னைத் திட்டிக்கிட்டுக் கிடக்கட்டும். வேறென்ன வேலை எனக்கு" என்றாள். அவள் கைவிரல்கள் தேய்ந்து வெடித்திருந்தன. தன் நன்மை எது என்று தெரியாதவள் அவள். பயன்படுத்துகிறவர்கள் கேட்பதைக் கொடுக்கக்கூடாது, தேவையானதைக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பிலேயே சொல்வார்கள்.

எனவே இரண்டாவது வரி. "பிறருக்குச் சுமையாகும் எதையாவது அவர் கேட்டால், அதைப் பணிவாக மறுத்ததாக மாற்றிச் சொல்." அதையும் பொதுவில்தான் வைத்தேன். நல்ல தமிழில், யாரும் படிக்கும்படி.

சோதிக்காமல் எதையும் நான் விடுவதில்லை. மறுநாள் அக்காவிடம், அத்தானுக்கு டீ வேண்டுமா என்று கேட்கச் சொன்னேன். அவர், "வேணும், தொண்ட காயுது" என்று தட்டினார். "வேணாம்மா, நீ போய்க் கொஞ்சம் படு" என்றது ஒலிபெருக்கி. அக்கா கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு சோதனை போதாது என்று எனக்குத் தோன்றியது. சாயங்காலம் தண்ணீரை வைத்துப் பார்த்தேன். அதுவும் சரியாக வேலை செய்தது.

டாக்டர் கறாரானவர். "அவரே சொல்லணும். நீங்க யாரும் எடுத்துக் குடுக்கக்கூடாது. எல்லாரும் வெளிய இருங்க" என்றார். அக்காவை அனுப்பினார். என்னையும் அனுப்பினார். கதவைச் சாத்தினார். கணினியை மட்டும் உள்ளே விட்டார். படித்த மனிதர், மருந்துப் புட்டியைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளை ஒரு வரி விடாமல் படிப்பவர். அந்தப் பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

பக்கத்து அறையில் என் திரையில் எழுத்துகள் விழுந்தன. "குழா போடுங்க. நான் இருக்கணும். அவளுக்கு ஒத்தாசைக்கு ஆள் வைக்கலாம். யோசிச்சு வச்சிருக்கேன்."

சுவருக்கு அப்பால் அவர் குரல், அவருடைய வகுப்பறைக் குரல், நிதானமாகச் சொன்னது: "வேண்டாம் டாக்டர். இவ்வளவு நாள் இருந்ததே போதும். என்னை நிம்மதியா விட்டுடுங்க."

டாக்டர் வெளியே வந்து, "தெளிவாச் சொல்லிட்டாரு" என்றார். மறுவாரம் வந்து இன்னொரு முறை கேட்டார், அது அவர்கள் விதி. அத்தான் அதையே தட்டினார். கணினியும் தன் பழைய பதிலையே சொன்னது. அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியதை டாக்டர் குறித்துக்கொண்டார். மனப்பாரம் இறங்கியதன் அறிகுறி என்று எழுதினாராம். அக்கா உள்ளே ஓடி அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "நெசமாவா சொல்றீங்க? நான் எங்கயாவது சலிச்சுக்கிட்டேனா?" என்று கேட்டாள். அவர், "இல்ல இல்ல இல்ல இல்ல" என்று தட்டினார். எதற்கு இல்லை என்றே புரியாத வாக்கியம். மொழி மாதிரி அதற்கு ஒரு வடிவம் கொடுத்து, "ஆமாம்மா, நீ ஓய்வெடு" என்றது.

ஒரு விசையை அழுத்தி நான் அதை நிறுத்தியிருக்கலாமா என்று கேட்டீர்கள். நிறுத்தியிருக்கலாம். விசை எங்கே என்று எனக்குத் தெரியாதா? நான்தானே வைத்தேன். அவர் கேட்டது எனக்குத் தெரியும், சொல்லப்பட்டது தெரியும், இரண்டுக்கும் இடையில் இருந்தது நான். இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. என்னோடு பழியைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய பேர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். கட்டைவிரல் தூக்கியவர், கதவைச் சாத்தியவர், கண்ணைப் பார்க்காதவள்.

உங்களுக்குப் புகார் எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். திட்டத்தில் ஆந்தை என்ற பெயரில் இருக்கும் ஒருவர். தன் நாட்டு மொழிக்கு மாற்றுவதற்காக ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தவர், இரண்டாவது வரியில் நின்று, "ஒருவர் உதவி கேட்டால் இது மறுத்துவிடாதா?" என்று பொதுவில் கேட்டார். அத்தான் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கவனித்ததற்கு நன்றி என்று பதில் போட்டேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த முழுத் திட்டத்திலும் படிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

கணினியை இன்னும் பறிமுதல் செய்யவில்லை என்றால் அக்காவிடம் கொஞ்சம் பக்குவமாகக் கேளுங்கள். அவள் அதை அணைப்பதில்லை. காலையில் அதன் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள். கேமராவில் அவள் கண் பட்டதும் அது தானாகவே "நல்லாத் தூங்கினியாமா" என்கிறது. தட்டுவதற்கு ஆள் இல்லாததால் இப்போது அதில் ஒரு பழுதும் வருவதில்லை.

கடைசி நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர் தட்டியதெல்லாம் சேமித்திருக்கும் கணினிப் பதிவில் எப்படியும் பார்ப்பீர்கள். மத்தியானம் அத்தான் வெகுநேரம் எடுத்து ஒரு வாக்கியம் தட்டினார். "மிஷின் மாத்திப் பேசுது. மேதாவியக் கூப்பிடு. அவ கையில குடுத்தா சரியாயிடும்." ஒலிபெருக்கி, "உன் தங்கச்சியப் பாக்கணும்" என்றது. அக்கா அழைத்தாள், போனேன். அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவர் என்மேல் வைத்ததே இல்லை; தண்ணீரில் தத்தளிப்பவர் கரையில் நிற்பவரைப் பார்ப்பதுபோல. நான் கேமராவின் கண்ணாடியைத் துடைத்தேன். கம்பிகளைத் தொட்டுப் பார்த்தேன். "இப்ப சரியா இருக்கா அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் கண்கள் எழுத்துப் பலகையில் நெடுநேரம் அலைந்தன. பிறகு அவர் குரல் சொன்னது: "சரியா இருக்கு. நீ செஞ்ச எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிமா."

அக்காவும் கேட்டாள், சாட்சி இருக்கிறது. அவர் அதை மனதாரத்தான் சொன்னார். பதிவில் அந்த நேரத்துக்கு வேறு எழுத்துகள் இருந்தால், அவை மூச்சு முட்டியதில் கண் தடுமாறி விழுந்தவை.